பியோர்க்கின் 'ஜலமான்டா'வும் அதன் ரசிகர்களும்

பிரான்ட் பியோர்க்கின் 'ஜலமான்டா' 1999இல் வெளிவந்தது. அதைப் பற்றி இன்றுவரை நான் படிக்க நேர்ந்ததெல்லாம் அநேகமாகப் பாராட்டுத்தான். என்னுடைய புகாரும் அதுதான். வசவு ஒரு படைப்பை அவ்வளவு சுலபத்தில் அழித்துவிடுவதில்லை; வைவதற்காகவாவது அதை நேராகப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. பாராட்டுக்கு அந்த நிர்ப்பந்தமும் கிடையாது. முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இந்த இசைத்தட்டின் மேல் இரண்டு பாராட்டுக்கள் போர்த்தப்பட்டிருக்கின்றன. 'கையஸ்' என்ற பெரும் குழுவின் டிரம்மர் தனியே செய்து காட்டிய சாதனை இது என்பது ஒன்று. மற்றது, வெயிலில் காலை நீட்டிப் படுத்து, கஞ்சாப் புகையினூடே கேட்பதற்கென்றே அமைந்த சோம்பல் இசை இது என்பது. முதலாவது வம்சாவளி சொல்கிறது. இரண்டாவது கேட்கும் முறைக்கு மருந்துச்சீட்டு எழுதித் தருகிறது. இரண்டுக்கும் நடுவே இசை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. 'ஜலமான்டா' என்ற பெயரிலேயே 1996இல் நியூ மெக்ஸிகோ எழுத்தாளர் ருடால்ஃபோ அனயாவின் நாவல் ஒன்று வந்தது. பாலைவனத்தில் கிடந்துவிட்டுத் திரும்பி வருகிற ஒருவனுக்கு அதில் இந்தப் பெயர். திரைகளை விலக்குபவன் என்று பொருள் தரப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பெயரைத் தாங்கிய இசைத்தட்டின் மேல்தான் இத்தனை திரைகள்.

வம்சாவளியை முதலில் பார்த்துவிடுவோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தெற்குக் கலிஃபோர்னியாவில் கோச்செல்லா பள்ளத்தாக்கு என்று ஒன்று. நூறுக்கு மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள், ஓய்வுபெற்ற பணக்காரர்கள், குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகிறவர்கள், சுற்றிலும் பாலை. அங்கே பாம் டெஸர்ட் என்ற ஊரில் வளர்ந்த பையன்களுக்கு வாசிக்க இடம் கிடையாது. பெட்ரோல் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே மலைச்சந்துகளுக்குள் போய், அங்கே மின்சாரம் உண்டாக்கி, இரவில் வாசித்தார்கள். கையஸ் அங்கே உருவான குழு. ஜாஷ் ஹாமி தன் கிதாரின் ஸ்ருதியை வழக்கத்துக்கு வெகு கீழே இறக்கி, பாஸ் கிதாருக்கான ஆம்ப்ளிஃபயர் வழியாக வாசித்தார். பூமிக்கு அடியிலிருந்து வருவது போன்ற அந்தக் கனம்தான் குழுவின் முகவரி ஆயிற்று. 1992இல் 'ப்ளூஸ் ஃபார் த ரெட் ஸன்', 1994இல் 'வெல்கம் டு ஸ்கை வேலி'. கையஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் 'க்ரீன் மெஷின்', 'கார்டீனியா' இரண்டும் பியோர்க் எழுதியவை. அதாவது, கனத்தைக் கிதார்தான் கொண்டுவந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களின் காலடியில் ஒரு டிரம்மர் எழுதிய பாட்டுக்கள் இருந்தன. 1994இல் அவர் விலகினார். 1995இல் குழுவும் கலைந்தது.

வம்சாவளி இத்துடன் நின்றிருந்தால் தகவல். ஆனால் அது அளவுகோலாகி விட்டது. ஹாமி பிறகு செய்தது, பாடகர் ஜான் கார்சியா பிறகு செய்தது, பியோர்க் பிறகு செய்தது எல்லாவற்றையும் அந்தக் கனத்தின் தராசிலேயே நிறுத்தார்கள். கார்சியா தன் சொந்தப் பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட 2014 வரை ஆயிற்று. 'டோர்ஸ்' குழுவின் ராபி க்ரீகர் அதில் ஒரு பாட்டுக்கு வாசித்திருக்கிறார். அப்போதும் கேட்கப்பட்டது, இதில் கையஸ் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான். இறந்துபோன அண்ணனின் சட்டை தம்பிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிற உறவினர் மனோபாவம் இது. தம்பியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மருந்துச்சீட்டு இன்னும் விஷமமானது. 'ஸ்டோனர் ராக்' என்ற பெயர் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பரவலாயிற்று. 1997இல் ரோட்ரன்னர் நிறுவனம் ஒரு தொகுப்பை வெளியிட்டபோது, போதையில் கிறங்கிக் கிடப்பவர்களுக்கான இசை என்று அட்டையிலேயே விளம்பரம் செய்துகொண்டது. ஒரு இசைவகையை அதன் ஸ்வரத்தாலோ தாளத்தாலோ அல்லாமல், கேட்பவன் என்ன புகைக்கிறான் என்பதால் பெயரிட்ட விநோதம் இது. கள்ளுக்கடையில் பாடுகிறார்கள் என்பதற்காகத் தெம்மாங்குக்குக் கள்ளுப்பாட்டு என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? ஹாமிக்கே இந்தப் பெயர் பிடித்ததில்லை. ஆனால் பெயர் வைக்கிறவர்கள் பிள்ளையைக் கேட்டா வைக்கிறார்கள்? பியோர்க்கும் இதற்கு இடம் கொடுக்காமலில்லை. இசைத்தட்டின் முதல் பாட்டின் தலைப்பிலேயே 'லேஸி போன்ஸ்' என்று சோம்பேறியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். ரசிகர்கள் அதை வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இனி இசைக்கு வரலாம்.

'ஜலமான்டா'வில் சில இடங்களில் நண்பர்கள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். மற்றபடி டிரம், பாஸ், கிதார், குரல் அநேகமாக எல்லாமே பியோர்க். இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்தால் சோம்பல் என்கிற அபிப்ராயம் நிற்காது. நாலு பேர் ஒரு அறையில் கூடி வாசிக்கும்போது தளர்வு தானாக வரும். ஒருவன் பின்வாங்கினால் மற்றவன் காத்திருப்பான். ஒருவன் சறுக்கினால் அடுத்தவன் அதையே ஒரு திருப்பமாக்கி விடுவான். தனியொருவர் அடுக்கடுக்காகப் பதிவு செய்யும்போது இந்த வசதி கிடையாது. ஏதாவது ஒரு வாத்தியம் முதலில் வெற்றிடத்தில் தனியாக நின்றாக வேண்டும். இன்னும் வாசிக்கப்படாத பாஸுக்கு இடம்விட்டு டிரம்மை வாசிக்க வேண்டும். நேற்றுத் தான் வாசித்ததை இன்று வேறு ஒருவன் வாசித்ததைப் போலக் கேட்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நாலு நண்பர்கள் மாலைவேளையில் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போல இந்த இசைத்தட்டு ஒலிக்கிறது என்றால், அந்த நாலு பேரும் ஒரே ஆள் என்பதை மறக்கக்கூடாது. அந்தத் திண்ணைப் பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகக் கட்டப்பட்டது. இதைச் செய்தவரைச் சோம்பேறி என்று கொண்டாடுவது அவருடைய உழைப்பைத் திருடிக்கொண்டு போவது.

இரண்டாவது, காலப்பிரமாணம். 'லேஸி போன்ஸ்' அவசரமில்லாமல் தொடங்கி 'ஆட்டமாட்டிக் ஃபென்டாஸ்டிக்'குக்குள் நுழைகிறது. பாஸ் முன்னால் நிற்கிறது. கிதார் கையஸின் கிதார் போல எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்வதில்லை; வந்து, தன் சின்ன வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, ஒதுங்குகிறது. டிரம் வறண்டு, அடங்கி ஒலிக்கிறது. குரல் பாதி பேச்சு. சௌக்க காலத்தைத் தொய்யவிடாமல் பிடித்து நிறுத்துவது என்ன கஷ்டம் என்று நம் கச்சேரி ரசிகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துரிதத்தில் பிழை ஓடிவிடும். மெதுவில் பிழை உட்கார்ந்து கொண்டு எல்லோரையும் பார்க்கும். பியோர்க்கின் டிரம் தூங்குவதில்லை. ஒரு தட்டு விழ வேண்டிய இடத்துக்கு மயிரிழை பின்னால் விழுகிறது. அடுத்ததும் அதே மயிரிழை பின்னால். இந்தத் தாமதம் கை அசந்ததால் வருவதல்ல. அசந்த கைக்கு ஒரே அளவில் தாமதிக்கத் தெரியாது.

டிரம்மர்கள் தனியே இசைத்தட்டு செய்தால் தங்கள் கைத்திறனைக் காட்டுவதற்காகச் செய்வார்கள் என்பது பொது எதிர்பார்ப்பு. பியோர்க் செய்தது இதற்கு நேர்மாறு. கையஸில் அவர் ஓங்கி அடித்தார். இங்கே எங்கெல்லாம் அடிக்கக்கூடாது என்பதைக் கண்டுபிடிக்கிறார். பாட்டு எழுதுவதையே அவர் தாளத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார் என்று எனக்குப் படுகிறது. கிதார் வாசிக்கும்போதும் அவர் டிரம்மர். ஸ்வரத்தைவிட அது விழும் இடத்தில்தான் அவருக்கு அக்கறை. 'லோ டெஸர்ட் பங்க்' பாட்டைக் கேட்டால் இது தெரியும். அதில் ராகமாக நீங்கள் முணுமுணுக்க அதிகம் இல்லை. ஆனால் கேட்டு முடித்த பிறகு நடை மாறியிருக்கும்.

ஹாமியின் முதல் இசைத்தட்டோடு இதை வைத்துப் பார்க்கலாம். கையஸ் கலைந்த பிறகு 'குவீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜ்' என்ற பெயரில் 1998இல் வந்தது அது. டிரம்மை ஆல்ஃப்ரெடோ ஹெர்னாண்டஸ் வாசித்தார். கிதாரும் குரலும் ஹாமி, பாஸும் அநேகமாக அவரேதான், ஒரு புனைபெயரில். அதாவது அதுவும் முக்கால்வாசி தனி இசைத்தட்டுத்தான். குழு என்று பெயர் வைத்துக்கொண்டது, அவ்வளவே. இரண்டுக்கும் பிரச்னை ஒன்றே: கனத்தை விட்டுவிட்டால் எஞ்சுவது என்ன? இருவர் விடையும் ஒன்றே: ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல். ஆனால் ஹாமியின் திரும்பச் சொல்லல் இயந்திரத்தினுடையது. அவரே தன் இசையை ரோபோ ராக் என்று அழைத்தார். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் அச்சு நகல்; அந்த ஈவிரக்கமின்மையில்தான் அதன் கவர்ச்சி. பியோர்க்கினுடையது நடை. ஒவ்வொரு அடியும் அதே அடிதான், ஆனால் தரை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. எது உயர்ந்தது என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஒரே ஊரில், ஒரே குழுவில் வளர்ந்த இருவர் ஒரே கேள்விக்கு இப்படி இரண்டு விடை கண்டிருக்கிறார்கள். இதைப் பற்றியல்லவா விமர்சனம் பேசியிருக்க வேண்டும்? எந்த விடையில் கையஸ் அதிகம் என்று பேசிக்கொண்டிருந்தது.

ஹாமியின் குழு 2002இன் 'ஸாங்ஸ் ஃபார் த டெஃப்' மூலம் உலகம் முழுக்கக் கேட்கப்பட்டது. 'ஜலமான்டா'வை வெளியிட்டது மேன்ஸ் ரூயின் என்ற சிறு நிறுவனம். சுவரொட்டி ஓவியர் ஃப்ராங்க் கோஸிக் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் நடத்தியது. 2001இல் அது மூடப்பட்டது. இரண்டே வருஷத்தில் இந்த இசைத்தட்டு அநாதை. பியோர்க் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி 2003இல் அதைத் திரும்ப வெளியிட்டார். பிறகு 2019இல் இத்தாலியிலிருந்து ஹெவி ஸைக் ஸவுண்ட்ஸ் வெளியிட்டது. நடுவில் அது கைமாறிக் கைமாறிப் பிழைத்தது. முன்னூறு பிரதி அச்சடித்து, அதில் பாதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்தக் கதை புதிதல்ல. ஆனால் இதில் ஒரு அபாயம் இருக்கிறது. அதுவும் நமக்குப் புதிதல்ல. கைமாறிப் பிழைக்கிற படைப்போடு கூடவே ஒரு ஐதீகமும் கைமாறுகிறது. தருகிறவன் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தே தருகிறான். வாங்குகிறவன் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, பிறகு இசையைக் கேட்கிறான். இருபது வருஷத்தில் வாக்கியம் வழுவழுப்பாகி, கையில் பிடிக்கச் சுகமாகி விடுகிறது. 'பாலைவன வெயிலின் ஒலிவடிவம்.' 'சாவகாசத்தின் உச்சம்.' சிறு கூட்டத்தின் ரசனை பெரும் கூட்டத்தின் ரசனையைவிட விழிப்பானது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அதன் தூக்கம் வேறு வகை, அவ்வளவுதான்.

பெயரின் அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு 2012 சாட்சி. கார்சியாவும் பியோர்க்கும் 'கையஸ் லிவ்ஸ்!' என்ற பெயரில் ஊர் ஊராகப் பழைய பாட்டுக்களை வாசித்து வந்தார்கள். அந்த வருஷம் மார்ச்சில் ஹாமியும் பாஸ் கலைஞர் ஸ்காட் ரீடரும் பெயரின் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஆகஸ்டில் வந்த நீதிமன்ற உத்தரவின்படி அந்தப் பெயரில் இசைத்தட்டு வெளியிட வழியில்லாமல் போயிற்று. குழு 'விஸ்டா சீனோ' என்று பெயர் மாற்றிக்கொண்டு 2013இல் 'பீஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. யார் பக்கம் நியாயம் என்பது வக்கீல்கள் விஷயம். எனக்கு உறைத்தது வேறு. 'க்ரீன் மெஷின்' எழுதியவர், 'ஜலமான்டா'வில் அந்தப் பெயர் இல்லாமல் தன்னால் என்ன செய்ய முடியும் என்று முழுசாகக் காட்டிவிட்டவர், பதின்மூன்று வருஷம் கழித்து அந்தப் பெயருக்காக வழக்கு மன்றத்தில் எதிர்க்கட்சியாக நிற்க வேண்டியிருந்தது. ரசிகர்கள் 1999இல் அவர் காட்டியதைப் பார்த்திருந்தால் அந்தப் பெயருக்கு இவ்வளவு விலை ஏறியிருக்காது. வழக்கின் ஒரு பங்கு ரசிகர்களுடையது.

இதுவரை சொன்னதைக் கொண்டு நான் இன்னொரு பக்தன் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 'ஜலமான்டா'வில் குறைகள் உண்டு. பாட்டுக்களின் வார்த்தைகள் பலவீனமானவை. வாத்தியங்களில் அத்தனை அடக்கம் காட்டியவர் வார்த்தைகளில் தெருமுனை மிடுக்கோடு திருப்தி அடைந்துவிடுகிறார். குரலுக்கு விஸ்தாரம் கிடையாது. அதை மறைக்கத்தான் பாதி பேச்சு. இவை சில்லறைக் குறைகள். பெரிய குறை தலைப்புக்களில் இருக்கிறது. போதையில் சொருகிய கண்ணுக்குச் 'சீனக் கண்' என்கிறது ஒரு தலைப்பு. தலைவர்கள் அதிகம், இந்தியர்கள் போதவில்லை என்ற அமெரிக்கப் பழமொழியை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது. அந்த இந்தியர்கள் பழங்குடிகள். இவை வெறும் வேடிக்கை என்று ரசிகர்கள் தாண்டிப் போகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு கவீயா என்ற பழங்குடியினருடையது. இன்றும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஜெனரேட்டரை இறக்கி வைத்த இடம் யாரும் இல்லாத இடமாகத் தோன்றியது என்றால், தோன்றியவர்களின் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பாலைவன இசை முழுவதிலுமே பாலை ஆளற்றதாகத்தான் வருகிறது. வெறுமை என்பது அங்கே ஒரு அனுபவமாக இல்லாமல் ஒரு வசதியாக இருக்கிறது. நம் பாலைத்திணையில் அந்த வழியில் போகிறவன் இருக்கிறான், வழிப்பறி செய்கிற எயினன் இருக்கிறான், வீட்டில் நாளை எண்ணிக்கொண்டிருப்பவள் இருக்கிறாள். ஆள் இருப்பதால்தான் அது பாலை. பியோர்க்கின் தாளத்துக்குத் தெரிந்திருக்கிற இந்த விஷயம், அதாவது இடைவெளி என்பது காலியிடம் அல்ல என்பது, அவருடைய தலைப்புக்களுக்குத் தெரியவில்லை.

தவறான பாராட்டு கலைஞனையும் விட்டு வைப்பதில்லை. எதற்காகத் தன்னைத் தட்டிக்கொடுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. 2003இல் பியோர்க் ஒரு இசைத்தட்டுக்கு 'கீப் யுவர் கூல்' என்றே பெயர் வைத்தார். 2014இல் வந்த குழுவுக்குப் பெயர் 'லோ டெஸர்ட் பங்க் பேண்ட்'. தன் பழைய பாட்டின் தலைப்பையே விலாசப் பலகை ஆக்கிக்கொண்டார். இவற்றிலும் நல்ல வாசிப்பு உண்டு. அவர் கை எங்கேயும் முழுசாகத் தோற்பதில்லை. ஆனால் 'ஜலமான்டா'வில் கண்டுபிடிப்பாக இருந்த சாவகாசம் பிற்பாடு வந்ததில் பல இடங்களில் உடுப்பாகிவிட்டது. முதலில் அவர் மெதுவாக வாசித்தார், பாட்டு அதைக் கேட்டது என்பதால். பிறகு மெதுவாக வாசிக்கிறார், பியோர்க் மெதுவாக வாசிப்பவர் என்பதால். 2020இல் வெறுமே தன் பெயரையே தலைப்பாக வைத்து, மறுபடியும் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து ஒரு இசைத்தட்டு தந்தார். இருபத்தொரு வருஷம் கழித்து அந்தத் தனிமைக்கு அவர் திரும்பப் போனதை நான் ஒரு விமர்சனமாகவே எடுத்துக்கொள்கிறேன். எழுத வேண்டியவர்கள் எழுதாததை அவர் வாசித்துக் காட்டினார்.

'ஜலமான்டா' மகத்தான சிருஷ்டி என்று நான் சொல்லவில்லை. அளவில் சிறியது, தன் அளவைத் தெரிந்துகொண்டது, அந்த அளவுக்குள் முழு விழிப்போடு செய்யப்பட்டது. ஓங்கி அடிக்கத் தெரிந்த ஒருவர் கையைத் தாழ்த்தியதில் என்ன கிடைத்தது என்பதற்கு அது சான்று. கேட்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். பியோர்க் யாருடைய டிரம்மர் என்பதை அரைமணி நேரம் மறந்துவிடுங்கள். பீடியைக்கூட அணைத்துவிடுங்கள். உட்கார்ந்து, டிரம்மை மட்டும் கேளுங்கள்.

சோம்பேறியின் கை அதில் எங்கே இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.